சத்தம் போடாத கீல்

ஐபேடில் பக்கம் பக்கமாக இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று எஃகு, மற்றது அலுமினியம். துப்பாக்கியின் உடலுக்கும், தோளில் அண்டக் கொடுக்கும் பின்கட்டைக்கும் நடுவே பொருத்துகிற மடக்கு அடாப்டர்கள். கதவுக் கீலை ஒருவன் ஆசை ஆசையாகச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன.

"இது காந்தத்துல நிக்குது," என்றான் மாதவன். "மடக்கினா டக்குனு ஒட்டிக்கும். அதுக்குப் பட்டன். அமுக்கினாத்தான் விடும்."

"எதில சத்தம் குறைவு?" என்றான் சஞ்சயன்.

மாதவன் நிமிர்ந்து பார்த்தான். அடாப்டர் வாங்குகிறவர்கள் எடையைக் கேட்பார்கள், தோளில் எப்படி அமரும் என்று கேட்பார்கள். சத்தத்தைக் கேட்டு யாரையும் அவன் பார்த்ததில்லை.

குரோய்டனுக்குத் தெற்கே, வயல்களின் ஓரத்தில் இருந்த ரைபிள் கிளப்பின் தேநீர் அறை அது. ஞாயிறு மதியம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இலக்கில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ந்த சுள்ளியை ஒவ்வொன்றாக ஒடிப்பதுபோல் கேட்டது.

கிளப்பில் தமிழர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். மாதவன் கோயம்புத்தூர்க்காரன். ரயில் கதவுகள் திறந்து மூடும் பொறியமைப்பை வடிவமைக்கிற கம்பெனியில் வேலை. சஞ்சயன் ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். செவன் கிங்ஸில் வீடு, பக்கத்திலேயே கண்ணாடிக் கடை, கண் பரிசோதனை. ஒரு நாள் மாதவனின் குறி தப்பியபோது அடுத்த தடத்திலிருந்து "சனியன்" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் சஞ்சயன். அவன் குறியும் தப்பியிருந்தது. அன்றிலிருந்து பழக்கம்.

மாதவனுக்கு அவன் தமிழ் பிடிக்கும். 'நீர்' என்று அழைப்பது நாடகம் மாதிரி இருக்கும். முதல் வாரமே கேட்டான்.

"துவக்குன்னா எங்க ஊர்ல ஆரம்பின்னு அர்த்தம்ங்க. நீங்க துப்பாக்கியைப் போய்த் துவக்குங்கறீங்க."

"உங்கட ஊரில அது ஆரம்பிக்கிறது," என்றான் சஞ்சயன். "எங்கட ஊரில முடிக்கிறது."

மாதவன் அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பின்கட்டைக்கும் சஞ்சயனிடம் ஒரு சொல் இருந்தது. சோங்கு. "ஆமிக்காரன் சோங்காலதான் இடிப்பான். அப்பாவுக்கு இஞ்ச," என்று தன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டியிருந்தான். அன்று மாதவன் சிரிக்கவில்லை.

இப்போது சஞ்சயன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்களைப் பரிசோதிக்கிறவனின் பார்வை. இமைக்கவே மாட்டான்.

"சத்தம் எதுக்குங்க உங்களுக்கு?"

"பக்கத்தில சுடுற ஆக்களுக்கு இடைஞ்சல்தானே."

"அவங்க எல்லாரும் காதை மூடிக்கிட்டுல்ல இருக்காங்க?"

"எண்டாலும்," என்றான் சஞ்சயன்.

அவனுக்கு வேண்டியவை இரண்டுதான். மடக்கினால் காரில் கிடக்கிற பைக்குள் போக வேண்டும். விரித்தால் சத்தம் வரக்கூடாது. பை, கேமரா முக்காலி வைக்கிற கறுப்புப் பை. நீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் செவன் கிங்ஸில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு மாமி நிற்பாள், அதற்குத்தான் என்றான். அது மாதவனுக்கு விளங்கியது. அவன் வீட்டுத் தெருவிலும் அப்படித்தான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் மாதவன். "கீல்னு ஒண்ணு வந்துட்டா கொஞ்சம் ஆட்டம் வரும். முடி அளவு. ஆனா அம்பது மீட்டர்ல தெரியும். உங்க குரூப்பிங் கெட்டுப்போகும், குண்டுங்க சிதறி விழும்."

"பத்தடியில?"

"பத்தடில ஒண்ணும் தெரியாது. பத்தடில யாருங்க டார்கெட் வைப்பாங்க?"

சஞ்சயன் புன்னகைத்தான். ஐபேடைத் திருப்பி மாதவன் பக்கம் தள்ளினான்.

"நீரே தெரிவு செய்யும். கதவு உம்மட வேலை."

மாதவன் எஃகைத் தெரிவு செய்தான். இடப்பக்கம் மடங்குவது, பட்டன் வைத்தது. சட்டம் சொல்கிற நீளத்துக்குக் கீழே போய்விடாது என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டான். தன் வீட்டு விலாசத்துக்கே வரவழைத்தான். பொருத்துமுன் ஆட்டத்தைப் பார்த்துத் தருவதாகச் சொன்னான். அவனுக்கு அதில் சந்தோஷம்தான் இருந்தது. ஒரு நல்ல கணக்கு கிடைத்த சந்தோஷம்.

திரும்பும்போது சஞ்சயன் காரில் கொண்டுவந்து விட்டான். துப்பாக்கி பின்னால் பூட்டிய பெட்டியில் இருந்தது. கறுப்புப் பை பின்னிருக்கையில், ஒரு ஆள் படுத்திருப்பதுபோல் கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பேச்சு எப்படியோ கல்யாணத்தில் வந்து நின்றது.

"வாற சனிக்கிழமை எங்கட அத்தானுக்கு ரிசெப்சன்," என்றான் சஞ்சயன்.

"அத்தான்னா?"

"அக்கான்ர மனிசன். பாலேந்திரா."

"அக்கா..."

"அக்கா இல்லை. அனோஜினி. ரெண்டு வருசம்."

வைப்பர் போய் வந்தது.

"படியில விழுந்தவவாம். பதினாலு வருசமா ஏறி இறங்கின படி. மரண விசாரணை செய்த கொரோனர் விபத்தெண்டு முடிச்சிட்டார். அதுக்கு முதல் மாசம் என்னட்டக் கண் செக் பண்ண வந்தவ. கண்ணுக்குக் கீழ கன்றியிருந்தது. என்னக்கா எண்டன். அலுமாரிக் கதவு எண்டா. நானும் எழுதிக் கண்ணாடி குடுத்து அனுப்பினனான்."

"ஐயோ" என்றான் மாதவன்.

"இப்ப அவருக்குப் புதுக் கலியாணம். எங்கள் எல்லாருக்கும் கலியாணக் காட் அனுப்பியிருக்கிறார். அம்மா போகவேணுமாம். சனம் கதைக்குமாம்."

"அவர்கிட்ட நீங்க ஒண்ணுமே கேக்கலையா?"

"என்னத்தைக் கேக்கிறது? கேட்டால் அழுவார். நல்லா அழுவார்." சிவப்பு விளக்கில் கார் நின்றது. சஞ்சயன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, மிகவும் சாதாரணமாகச் சொன்னான். "அத்தானுக்கு மண்டையிலதான் போடவேணும்."

மாதவனின் அம்மா ஒரு நாளைக்கு ஒரு முறையாவது அதைச் சொல்வாள். மண்டையில ஒண்ணு போட்டாத்தான் உனக்குப் புத்தி வரும். பிறகு போடுவாள். நறுக்கென்று ஒரு குட்டு. அவனுக்குச் சஞ்சயன்மேல் இரக்கமாக இருந்தது. இரண்டு வருஷம் ஒரு மனுஷன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சபையில் வைத்து ஒரு வார்த்தை உறைக்கிற மாதிரி கேட்காமல் திரிந்திருக்கிறான்.

"ஆமா," என்றான் மாதவன். "போட்டுடுங்க. எல்லார் முன்னாடியும் போடுங்க. எத்தனை நாள் மனசுலயே வச்சுக்கிட்டு இருப்பீங்க?"

சஞ்சயன் திரும்பினான். விளக்கு பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். சஞ்சயன் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெய்யாத்தான் சொல்லுறீரோ?"

"மெய்யாத்தான். நானா இருந்தா என்னைக்கோ போட்டிருப்பேன்."

கார் நகர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் சஞ்சயன் நிறுத்தினான். இறங்கும்போது மாதவனின் கையைப் பிடித்தான். அவன் கை குளிர்ந்திருந்தது.

"நீர்தான் என்னை விளங்கின ஆள்," என்றான்.

அடாப்டர் புதன்கிழமை வந்தது. உள்ளங்கையில் அடங்கியது, நல்ல கனம். மாதவன் சாப்பாட்டு மேசையில் வைத்து மடக்கினான், விரித்தான், மடக்கினான். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். மறுபடி விரித்தான். ஆட்டமே இல்லை. இவ்வளவு நேர்த்தியான கீலை அவன் ரயில்களில் பார்த்ததில்லை.

அவன் மனைவி ரமா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னது, கதவுக்கா?"

"சஞ்சயனோட துப்பாக்கிக்கு."

"அதை எதுக்கு மடக்கணும்?"

"பையில வைக்க."

"துப்பாக்கியைப் பையில எதுக்கு வைக்கணும்?" என்றாள் ரமா. அவன் பதில் சொல்வதற்குள் அவளுக்கு ஒரு கால் வந்துவிட்டது. அவனும் மடக்கினான், விரித்தான். பட்டனின் சத்தம், விரல் நகத்தால் நகத்தைத் தட்டுவது அளவுக்குத்தான் இருந்தது.

அன்று மாலை சஞ்சயனிடமிருந்து மெசேஜ் வந்தது. வெள்ளி பின்னேரம் வந்து எடுக்கிறன். கீழே இன்னொரு வரி: நீர் சொன்னதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.

மாதவன் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினான்.

வெள்ளி மதியம் அவன் சாப்பிடப் போனது ஆபீசுக்குப் பின்தெருவில் ஜெகதீஸ்வரி நடத்துகிற சின்னக் கடை. ஆட்டு ரோல்ஸ், இடியப்பம். பண்டத்தரிப்புக்காரி, ஐம்பதைத் தாண்டியவர், வாய்க்காரி. மாதவன் போனால் ஒரு யாழ்ப்பாணச் சொல்லாவது வாங்காமல் வரமாட்டான். அவரும் அவன் தமிழைக் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்.

"வாரும் தம்பி. இண்டைக்கும் 'சூப்பருங்க'வோ?"

"சூப்பருங்கக்கா. ரெண்டு ரோல்ஸ் குடுங்க."

"ரெண்டு காணுமோ? மனிசி சமைக்கிறேல்லைப் போல கிடக்கு. முகம் வத்திப்போச்சு."

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மண்டையில போடுறதுன்னு நீங்களும் சொல்வீங்களா? எங்க அம்மா என்னை டெய்லி போடுவாங்க."

ஜெகதீஸ்வரி இடுக்கியால் ரோல்ஸைத் தூக்கியிருந்தார். அது அப்படியே நின்றது.

"என்ன?"

"மண்டையில போடுறது. ஃப்ரெண்டு ஒருத்தர் சொன்னாரு. நம்ம ஊர் மாதிரியேன்னு நெனச்சேன்."

"ஆர் சொன்னது?"

"ஃப்ரெண்டுதான்."

"எங்கட ஆளோ?"

"ஆமா."

அவர் ரோல்ஸைத் தட்டில் வைத்தார். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். கவுண்டருக்கு மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உம்மட அம்மா போடுறது வேற. எங்கட ஊரில அப்பிடிச் சொன்னால் துவக்கை மண்டையில வைச்சுச் சுடுறது. ஆளைச் சந்தியில கொண்டுவந்து, கம்பத்தில கட்டி. விடிய எழும்பினால் சனம் சொல்லும், இன்னாருக்கு மண்டையில போட்டாச்சாம் எண்டு. என்ர பெரிய மச்சானைப் பற்றியும் அப்பிடித்தான் எங்களுக்கு வந்து சொன்னவை. அந்தச் சொல்லை ஒருத்தரும் பகிடிக்குச் சொல்லமாட்டினம்." அவர் நிமிர்ந்தார். "ஆருக்குப் போடப்போறானாம்?"

மாதவன் ரோல்ஸை எடுக்காமலே வெளியே வந்தான். ஜெகதீஸ்வரி பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது.

ஆபீசுக்குத் திரும்பாமல், வீட்டுக்குப் போகும் டிராமில் உட்கார்ந்து தான் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். போட்டுடுங்க. எல்லார் முன்னாடியும் போடுங்க. நானா இருந்தா என்னைக்கோ போட்டிருப்பேன். பத்தடி. பை. சத்தம். எல்லாவற்றையும் சஞ்சயன் அவனிடம் மறைக்காமல்தான் கேட்டிருந்தான். அவன்தான் உட்கார்ந்து தெரிவு செய்து கொடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து அடாப்டரை எடுத்தான். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சமையலறையில் அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினான். ரமா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் சொன்னான். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"போலீஸுக்குச் சொல்லுங்க."

"முதல்ல அவன்கிட்டப் பேசிடறேன். அப்படி இல்லைன்னு சொல்லிட்டான்னா?"

"சொல்லலைன்னா?"

வாசல் மணி அடித்தது.

சஞ்சயன் கடையிலிருந்து நேரே வந்திருந்தான். நீலச் சட்டை, மெல்லிய சட்டகக் கண்ணாடி. செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தான். ரமாவுக்கு வணக்கம் சொன்னான். அவள் கொடுத்த தேநீரை வாங்கி, "நல்ல சாயத் தேத்தண்ணி," என்றான். பிறகு மாதவனைப் பார்த்தான்.

"வந்திட்டுதோ சாமான்?"

"சஞ்சய், அன்னைக்குக் கார்ல சொன்னீங்களே. மண்டையில போடணும்னு."

"ஓம்."

"எங்க ஊர்ல அதுக்குக் குட்டுறதுன்னு அர்த்தம். தலையில ஒரு குட்டு. எங்க அம்மா எனக்கு டெய்லி போடுவாங்களே, அது. நான் அதைத்தான் நெனச்சேன். சபையில வச்சு நாலு வார்த்தை கேளுங்கன்னுதான் சொன்னேன்."

சஞ்சயன் அவனையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போலிருந்தது.

"குட்டு," என்றான். "அப்ப நீர் என்னை, போய் அத்தானுக்கு ஒரு குட்டு வைக்கச் சொன்னீர்."

"ஆமா."

"ரெண்டு வருசம் நான் இதை ஒருத்தரிட்டையும் கதைக்கேல்லை. அம்மாட்டையும் இல்லை. முதல் முதல் உம்மட்டத்தான் வாயைத் திறந்தனான். ஏன் தெரியுமோ? நீர் வேண்டாம் எண்டுவீர் எண்டு நினைச்சன். எனக்கும் ஆரும் வேண்டாம் எண்டு சொல்லவேணும்போல இருந்தது."

சமையலறை வாசலில் ரமா அசையாமல் நின்றாள்.

"இப்பச் சொல்றேன்," என்றான் மாதவன். "வேண்டாம். சஞ்சய், வேண்டாம்."

"நீர் ஓம் எண்டனீர்."

"அது வேற தமிழ்ங்க."

"எனக்கு அது ஓம்தான்." அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "அண்டைக்கு ராத்திரி நான் நல்லா நித்திரை கொண்டனான். ரெண்டு வருசத்தில முதல் தரம். சாமானைத் தாரும்."

"தரமாட்டேன்."

சஞ்சயன் தேநீரைக் குடித்து முடித்தான். கோப்பையை மேசையில் வைத்து, அதன் கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பி நேர்ப்படுத்தினான்.

"சரி, வைச்சிரும். பையில போறதுக்குத்தானே அது. துவக்கு கோட்டுக்குள்ளயும் போகும்."

எழுந்தான். செருப்பை மாட்டினான். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினான்.

"நாளைக்கு நீங்கள் ரெண்டு பேரும் வாருங்கோவன். சாப்பாடு எட்மண்டன் கேட்டரிங் ஆக்கள் செய்யினம். நல்லாயிருக்கும்."

அவன் கார் தெருமுனை திரும்பும்வரை மாதவன் ஜன்னலில் நின்றான். பிறகு போனை எடுத்தான். போலீஸின் அவசர எண்ணை அழுத்தினான். ஒரு பெண் குரல் வந்தது. பெயர், விலாசம், யார், என்ன துப்பாக்கி, லைசென்ஸ் உண்டா. எல்லாவற்றுக்கும் அவனால் பதில் சொல்ல முடிந்தது.

"அவர் சரியாக என்ன வார்த்தை சொன்னார், சார்?"

மாதவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அத்தானின் தலையில் போட வேண்டும் என்று சொன்னார்.

"தலையில் எதைப் போட வேண்டும் என்று?"

"எதையும் இல்லை. அது ஒரு பேச்சு வழக்கு. எங்கள் தமிழில் அது வேறு. அவர்கள் தமிழில்..." மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றிருந்தது.

ரமா அருகில் வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சுட்டுக் கொல்லப் போறான்னு சொல்லுங்க."

சொன்னான்.

விசைப்பலகை மறுபடி வேகமாகத் தட்டியது. அவசரமாகச் சில கேள்விகள் வந்தன. கடைசியாக ஒன்று. மடக்கும் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தது யார்?

"நான்," என்றான் மாதவன்.

அன்று மாலையே செவன் கிங்ஸில் அந்த வீட்டின் முன் போலீஸ் வண்டிகள் நின்றன. சஞ்சயன் கதவைத் திறந்து, துப்பாக்கி அலமாரியின் சாவியை அவர்கள் கேட்குமுன்பே நீட்டினான் என்று பிறகு கிளப்பில் பேசிக்கொண்டார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். தமிழ்ச் சொல் ஒன்றைத் தவிர அவன்மேல் எழுதுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அது ஊரில் குட்டுவதற்குச் சொல்கிற சொல் என்று அவன் விளக்கம் சொன்னான். நண்பர் மாதவனைக் கேட்டுப் பாருங்கள், அவர் அம்மா தினமும் செய்வார் என்றானாம். மொழிபெயர்க்க வந்தவர் மதுரைக்காரர். ஆமாம், அப்படி ஒரு பொருள் உண்டு என்றார்.

துப்பாக்கிகளையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள். மாதவனின் துப்பாக்கியையும் எடுத்தார்கள். அரிசி டப்பாவிலிருந்து அடாப்டரை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்ட அதிகாரி, அதை ஒருமுறை மடக்கிப் பார்த்தார். நல்ல பொருள் என்றார்.

சனிக்கிழமை ரிசெப்சன் நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. பாலேந்திரா தன் பேச்சில் முதல் மனைவியை நினைத்து அழுதாராம். ஜெகதீஸ்வரிதான் சொன்னார். அவர் இப்போதெல்லாம் மாதவனைக் கிண்டல் செய்வதில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. மாதவன் டிராம் நிறுத்தத்தில் நின்றான். கூட்டம் அதிகமில்லை. யாரோ அருகில் வந்து நின்றதை உணர்ந்து திரும்பினான்.

சஞ்சயன். சவரம் செய்த முகம், துடைத்த கண்ணாடி. தோளில் கறுப்பு முக்காலிப் பை தொங்கியது. அதற்குள் ஏதாவது இருந்ததா என்று மாதவனால் சொல்ல முடியவில்லை. அவன் கடை இருப்பது ஊரின் மறுகோடியில். இந்த நிறுத்தத்தில் அவனுக்கு எந்த அலுவலும் கிடையாது.

"நீர்தானே பொலிசுக்குச் சொன்னது?" என்றான்.

"ஆமா."

"ஓம் எண்டு சொல்லும். எனக்கு விளங்கிற மாதிரி."

"ஓம்."

சஞ்சயன் தலையை ஆட்டினான். கோபம் ஒன்றும் தெரியவில்லை. பரிசோதனை முடிந்து கண்ணாடி நம்பரைச் சொல்கிற குரலில், மாதவனின் தமிழை அப்படியே எடுத்து, கோயம்புத்தூர் இழுப்போடு சொன்னான்.

"சரிங்க. மண்டையில போட்டு வச்சுக்கிறேன்."

டிராம் வந்து நின்றது. மாதவன் ஏறினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் நின்றான். பின்னால் யாரோ ஏறுவதும், பையின் வார் உராய்வதும் கேட்டது.

கதவு மூடியது. சத்தமே வரவில்லை.